சோப்பு சிஸ்டரும் கைகழுவிய டாக்டரும்

திருப்பதியில் ஏழுமலையானுக்குப் பயப்படாதவர்கள்கூட இருக்கலாம். சோப்பு சிஸ்டருக்குப் பயப்படாத ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன். காயத்தில் கிருமி புகுந்துவிட்டது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிருமி. "இன்னும் ஒரே ஒரு மருந்துதான் இருக்கு, பார்ப்போம்" என்றார் டாக்டர்.

நைனாவைத் தனி அறையில் போட்டார்கள். வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தவர்தான் சோப்பு சிஸ்டர். அந்தக் கிருமி யார் கையிலாவது ஏறி அடுத்த படுக்கைக்குப் போய்விடாமல் பார்ப்பது அவர் வேலை. திருச்சானூர் கோயில் குங்குமத்தோடு வந்த பெரியப்பாவை மறித்தார்.

"ஆகண்டி! நில்லுங்க! மோதிரத்த கழட்டுங்க."

"ராசி மோதிரம்மா, கழட்டினா ஆகாது."

"கழட்டலன்னா அதுக்கு அடியில கிருமி குடித்தனம் பண்ணும். தம்பிக்கு ஆகாது, பரவால்லியா?"

பல வருஷமாக அசையாத மோதிரம் சோப்பு நுரையில் வழுக்கி வந்தது.

மூன்றாம் நாள் டாக்டர் நைனாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சித்தூர்க்காரர், தமிழ் பேசுபவர். சிஸ்டர் தாழ்வாரமே அதிரக் கேட்டார்:

"சார், கை கழுவிட்டீங்களா?"

"கழுவிட்டேன் சிஸ்டர்."

"நெஜமா?"

"முழுசா கழுவிட்டேம்மா!"

எங்கள் ஊர் நகரியிலிருந்து வந்து அப்போதுதான் படியேறிய அம்மாவின் காதில் இது மட்டும் விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, டாக்டரே கை கழுவிட்டாராம்டா! உங்க நைனாவ உட்டுட்டாங்கடா!"

நான் விளக்குவதற்குள் நகரிக்குப் போன் போய்விட்டது. மதியத்துக்குள் தறியை நிறுத்திவிட்டுச் சொந்தக்காரர்கள் பத்தொன்பது பேர் வேனில் வந்து இறங்கினார்கள். ஒரு மாமா மாலையே வாங்கி வந்துவிட்டார்!

சிஸ்டர் அதைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டார். "இன்னாத்துக்கு அழுதுக்கினு கீறீங்க? அவரு காலையில இட்லி கேட்டாரு! உள்ள யாரும் போவக் கூடாது. லைன்ல வந்து கண்ணாடி வழியா பாருங்க. அதுக்கும் கை கழுவணும்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ச்சல் இறங்க இன்னும் ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் தெர்மாமீட்டரைப் பார்க்கவே பயந்தேன். கடைசி மருந்து ஒருவழியாகக் கேட்டது. பக்கத்து அறைகளில் ஒருவருக்கும் அந்தக் கிருமி பரவவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் சிஸ்டரின் கைகளைக் கவனித்தேன். ஓயாமல் கழுவிக் கழுவித் தோல் வெடித்துச் சிவந்திருந்தது. அந்தக் கைகளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தொட்டால் திட்டுவாரே என்று பயந்து, எட்ட நின்றே கும்பிட்டேன்.