சர்வருக்கு வைத்த சந்தனப் பொட்டு

கொள்கைப் பிடிப்புள்ள ஆளோடு ஒரே வீட்டில் குடியிருப்பது மகா கஷ்டம். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. நம்முடைய படம், மெயில், போகிற வருகிற இடம் எல்லாவற்றையும் பெரிய கம்பெனிகள் மோப்பம் பிடித்துக் காசாக்குகின்றன என்று ஒரு கூட்டத்தில் கேட்டுவிட்டு வந்தேன். (இலவச சமோசா உண்டு என்றதால்தான் போனேன்.) அன்றோடு ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. அம்மா போனிலிருந்த சமையல் வீடியோக்களை ஒழித்தேன். தங்கை கலாவை, யாரும் ஒட்டுக்கேட்க முடியாத புதிய மெசேஜ் ஆப்புக்கு இழுத்து வந்தேன். அதில் அவளுக்குப் பேச என்னைத் தவிர ஆளில்லை.

"எதிர்லதானே உக்காந்திருக்க? உன்கிட்ட பேச ஒரு ஆப்பு வேணுமா?" என்றாள்.

அடுத்து படங்களில் கை வைத்தேன். அப்பா ஓய்வு பெற்ற அன்று மாலையும் கழுத்துமாக நின்றது, கலா பட்டம் வாங்கிய அன்று அவர் அழுதது என்று பதினைந்து வருடப் படங்கள். எல்லாவற்றையும் கம்பெனியிடமிருந்து இறக்கி, டிபன் பாக்ஸ் அளவில் நானே வாங்கிய சர்வரில் ஏற்றி, பிரம்மதேவனாலும் திறக்க முடியாதபடி பூட்டினேன். எல்லோருடைய போன்களிலும் இருந்த படங்களைத் துடைத்தேன். கம்பெனிக் கணக்கை அழித்த அன்று ஒரு சின்னச் சுதந்திரப் போராட்ட வீரனைப் போல நடமாடினேன். இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். சனிக்கிழமைகள் வந்து வந்து போயின.

அப்பா முப்பத்தைந்து வருடம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். டிவி பக்கத்தில் முனகிக்கொண்டிருந்த பெட்டியைக் காட்டி, "இது இன்னாடா?" என்று கேட்டார்.

"வீட்டுலயே முக்கியமான மிஷின் இதுதான்ப்பா. நம்ம போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. நிறுத்தவே கூடாது" என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. நான் பூசணிக்காயும் பொரியும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. மிக்ஸி, அரிவாள்மனை, ஸ்பானர், மைக்ரோமீட்டர் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. நடுவில், மற்றதைவிடப் பெரிய சாமந்திப் பூவோடு, என் சர்வர்.

"ஃபேன் கொஞ்சம் சத்தம் போட்டுச்சு. மூடியைக் கழட்டி ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்" என்றார் அப்பா பெருமையாக. "ஈரத்துணியால உள்ளல்லாம் தொடச்சு, சந்தனம் வெச்சேன். நீ சொன்னியேன்னு ஓடறதை நிறுத்தலடா."

பச்சை விளக்கு அணைந்திருந்தது. கருகல் வாசனையைச் சாம்பிராணி மூடியிருந்தது.

நான் கத்தினேன். "அறிவிருக்காப்பா உனக்கு? இதை லேத்துன்னு நினைச்சியா? பதினஞ்சு வருஷத்தை ஒரே துணியில தொடச்சிட்டியே!" என்றேன். இன்னும் சொன்னேன், அதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது.

"மிஷின்னா எல்லாம் மிஷின்தானேன்னு..." என்று இழுத்தார். அம்மா குறுக்கே வந்து, "ஆய்து, பிடுடா, ஆனது ஆச்சு, நல்ல நாளும் அதுவுமா" என்று பாதிக் கன்னடத்தில் என்னை அடக்கினாள். அப்பா சந்தனக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று அவர் பொரியைத் தொடவில்லை.

மறுநாள் எஸ்.பி. ரோட்டில் ஒரு ரிப்பேர் கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோனேன். கடைக்காரர் பூவை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் நோண்டினார்.

"டிஸ்க் சூப்பரா இருக்கு சார். போர்டு மட்டும்தான் போச்சு. பாஸ்வேர்ட் சொல்லுங்க, பத்து நிமிஷத்துல எடுத்துடலாம்."

பாஸ்வேர்ட் நாற்பது எழுத்து. மறந்துவிடக் கூடாதே என்று அதைப் பத்திரமாக ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தேன். அந்த ஃபைல் அந்த டிஸ்கிலேயே இருந்தது.

"சாவியை உள்ளாறயே வெச்சுப் பூட்டிட்டீங்களா?" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஆனா செம்மயா பூட்டியிருக்கீங்க சார்." என் கொள்கைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். "ஆய்தா? எடுத்தாச்சா?"

"இல்லப்பா. எடுக்க முடியாதாம்."

"என் கை பட்டதால..." என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று செருப்பைக் கழற்றினேன். அதற்கப்புறம் மிக்ஸி ஜாடி ஆடினால்கூட அவர் தொடவில்லை. "மெக்கானிக்கைக் கூப்பிடு" என்று அம்மாவிடம் சொல்லிவிடுவார். தை மாதத்தில் ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார்.

மாட்டி வைக்க ஒரு படமில்லை. கல்யாணப் படத்தில் இருந்தவர் சின்னப் பையன், வாக்காளர் அட்டையில் இருந்தவர் யாரோ. கடைசியில் ஆனேக்கல் அத்தைதான் காப்பாற்றினாள். நான் எவ்வளவோ கெஞ்சியும் பழைய ஆப்பை விட்டு வராதவள், தினமும் வாழ்த்துப் படம் செய்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவள். அப்படி ஒன்றில், பெரிய சிவப்பு ரோஜாவின் நடுவே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். நெஞ்சின் குறுக்கே மஞ்சளில் 'இனிய காலை வணக்கம்'. அசல் படம் அவளிடமும் இல்லை. ஸ்டூடியோக்காரர் எழுத்தை அழிக்கப் பார்த்தபோது அப்பாவின் மோவாயும் சேர்ந்து போயிற்று. "இருக்கட்டும் விடு" என்றாள் அம்மா. துக்கம் கேட்க வந்தவர்கள் கைகூப்பி, நிமிர்ந்து, படித்துவிட்டு, அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கலா பேங்கிலிருந்து இரவு ஏழு மணிக்கு வந்தாலும், "குட் மார்னிங்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் பையை வைக்கிறாள்.

வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் அத்தை ஆரம்பித்துவிடுவாள். "எங்கண்ணன் கம்ப்யூட்டருக்கே எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டினவன்! பதினஞ்சு வருஷ போட்டோவும் காலி!" எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சத்தமாகச் சிரிப்பேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது என்று வீட்டில் இன்றுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை.