காபித் தட்டும் மெயின் அருவியும்

ரேடியோவில் பேசுகிறவர்களை நேரில் பார்த்தால் எல்லோருக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். குரலைக் கேட்டு அவர்களாகவே ஒரு முகம் வரைந்து வைத்திருப்பார்கள். சந்தையில் என்னை அடையாளம் கண்டுகொண்ட ஒரு நேயர், "நீங்கதானா அது? நான் கொஞ்சம் உசரமா நெனச்சிருந்தேன்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். (அதற்கு நான் என்ன செய்வது, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டா கத்திரிக்காய் வாங்கப் போக முடியும்?) ஆனால் என்னை நேரில் பார்த்து ஒரு குடும்பமே வாயடைத்துப் போய் உட்கார்ந்தது ஒரே ஒரு தடவைதான். அவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

என் பெயர் குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பெயர். வீட்டில் கொழலு. படிப்பை முடித்த கையோடு தென்காசியில் இருந்த ஒரு சின்ன எஃப்.எம். நிலையத்தில் சேர்ந்தேன். ஜவுளிக்கடை மாடியில் இரண்டு அறை. லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி ஆசைப்பட்டு ஆரம்பித்தது. சத்தம் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் எதையெதையோ ஒட்டியிருந்தார்கள். சத்தம் தாராளமாக வந்தது. தேரோட்டத்தின்போது நான் வாயையே திறக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு மைக்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். "இன்னைக்கு நிகழ்ச்சி பிரமாதம்ட்டி" என்று அண்ணாச்சி பாராட்டினார்.

அந்த ரேடியோவில் என்னதான் இல்லை? ஆய்க்குடியில் எப்போது கரண்ட் போகும், வடகரையில் யாருடைய ஆடு காணாமல் போனது, சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தித் தோட்டத்துக்குள் ஷூட்டிங் நடப்பதால் எந்த வழியாகச் சுற்றிப் போக வேண்டும், எல்லாம் சொல்வோம். ஆடு கிடைத்துவிட்டால் அதையும் சொல்லி, ஆட்டுக்காரருக்குப் பிடித்த பாட்டு ஒன்றும் போடுவோம்.

சீசன் வந்துவிட்டால் அருவி நிலவரம். அதற்கு எங்களுடைய நிருபர் எசக்கியம்மாக்கா. மெயின் அருவிக்குப் போகிற வழியில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பவள். நான் நிகழ்ச்சியில் இருக்கும்போதே போன் போட்டு, "ஏட்டி கொழலு, மெயினருவில நல்லா விழுது, கூட்டம் கம்மி, வரச் சொல்லு" என்பாள். தண்ணீர் கூடிவிட்டால், "ஆர்ச்சத் தொட்டு விழுதுட்டி, போலீஸ்காரன் கயிறு கட்டிட்டான், யாரும் வராண்டாம்" என்பாள். (ஆர்ச் என்பது குளிக்கிற இடத்துக்கு மேலே கட்டியிருக்கும் வளைவு; தண்ணீர் அதைத் தொட்டால் ஆபத்து.) பிறகு போனை அருவிப் பக்கம் நீட்டிப் பிடிப்பாள். அந்த இரைச்சலைத் தென்காசி, செங்கோட்டை, புளியங்குடி வரைக்கும் கேட்பார்கள். சிலர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டே தலையில் எண்ணெய் வைக்க ஆரம்பிப்பார்களாம்.

அண்ணாச்சிக்கு உடம்புக்கு முடியாமல் போய், நிலையம் சென்னையில் இருந்த ஒரு கம்பெனியின் கைக்கு மாறியது. கண்ணாடிக் கதவு வந்தது. ஏசி வந்தது. உள்ளே நுழைய விரல் வைக்கும் மெஷின் வந்தது. கூடவே நிதின் வந்தார். வந்தார் என்றால் நேரில் இல்லை, கம்ப்யூட்டர் திரையில். நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தலைவர் அவர்தான். என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். நல்ல பையன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவருக்குக் குற்றாலம் என்பது ஒரு ரிசார்ட்டின் பெயர் என்கிற எண்ணம் கடைசி வரை மாறவில்லை.

முதல் நாளே என் பெயரில் கை வைத்தார். "குழல்வாய்... இது ரொம்ப நீளம் மேடம். 'ழ' வேற இருக்கு. ஆர்.ஜே. குஷி. எப்படி இருக்கு?" (நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல் இருக்கிறது என்று சொல்ல நினைத்து, "சூப்பரா இருக்கு சார்" என்றேன். எனக்கு உள்ளுக்குள் பெருமை. கண்ணாடி முன்னால் நின்று 'குஷி, குஷி' என்று சொல்லிப் பார்த்தேன்.) ஆடு காணாமல் போனது நிறுத்தப்பட்டது. நேயர்களின் போன் நிறுத்தப்பட்டது. பாட்டுகள் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்டு எல்லா ஊர்களுக்கும் ஒன்றுபோல வந்தன. காலை நிகழ்ச்சியும் அங்கிருந்தே. வயலுக்குப் போகிற வடகரைக்காரர்கள் சென்னையில் எந்தப் பாலத்தில் நெரிசல் என்று தெரிந்துகொண்டு போனார்கள்.

அருவி மட்டும் தப்பித்தது. ஒரு சோப்பு விளம்பரம் கிடைத்ததால் 'அருவி லைவ்' என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்கால நிகழ்ச்சி ஆனது. எசக்கியம்மாக்காவின் குரலில் 'குவாலிட்டி' இல்லை என்று அவளை எடுத்துவிட்டார்கள். அவள் நீட்டிக்காட்டிய அருவிச் சத்தத்துக்குப் பதிலாக ஒரு ரெடிமேட் அருவிச் சத்தம் வந்தது. எந்த நாட்டு அருவியோ தெரியாது. நடுநடுவே ஒரு பறவை 'க்ர்ராக், க்ர்ராக்' என்று கத்தும். அப்படியொரு பறவை நம் மலையிலேயே கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் வடகரையிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது. பையன் பெயர் பரமசிவன், செங்கோட்டையில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள். நிதினிடம் லீவு கேட்டேன்.

"மேடம், சோப்புக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு பண்ணுங்க, வெள்ளிக்கிழமையே ரெக்கார்ட் பண்ணிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"தண்ணி எப்படி விழும்னு வெள்ளிக்கிழமையே எப்படி சார் தெரியும்?"

"அருவின்னா தண்ணி விழத்தானே மேடம் செய்யும்?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. கல்யாண நினைப்பில் எல்லாமே சரியென்று படும் காலம் அது. கதவைச் சாத்திக்கொண்டு, மைக் முன்னால் நான் நடித்த நடிப்பை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "ஹாய் ஹாய் ஹாய்! நான் உங்க குஷி! இப்போ நான் நிக்கிறது மெயின் அருவிக்கு நேர் எதிர்ல! முகத்துல சாரல் அடிக்குது பாருங்க... பிர்ர்ர்ர்!" என்று பல்லை வேறு தந்தியடித்துக் காட்டினேன். "கையில சூடா மிளகாய் பஜ்ஜி! அருவி சாதுவா விழுது! குடும்பத்தோட கிளம்பி வாங்க, நான் இங்கதான் இருக்கேன்!" பறவையும் தன் பங்குக்குக் கத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்தே மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. எங்கள் தெருவில் தூறல்தான். மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்து இறங்கினார்கள். பையன், அவருடைய அப்பா, அம்மா பகவதியம்மாள். பகவதியம்மாளுடைய தம்பி ஆறுமுகம், சிவகாசியிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்களோடு வேனில் அருவிக்குப் போயிருப்பதாகவும், குளித்துவிட்டு நேராக இங்கே வந்துவிடுவார் என்றும் சொன்னார்கள்.

நான் அடுக்களையில் பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் என் அப்பா என்னைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் ரேடியோவில் பேசுவதைக் கேட்பதற்கென்றே இந்தப் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். நான் பேசுவதை முன்கூட்டியே பதிவு செய்யலாம் என்ற விஷயம் அவருக்குத் தெரியாது. அன்றைக்கு நான் லீவு என்பதால் எனக்குப் பதில் வேறு யாரோ பேசுவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"நம்ம புள்ள வேலை பாக்குத ஸ்டேசனை ஒரு நிமிசம் கேளுங்களேன்" என்று பெட்டியைத் திருகிவிட்டார்.

நான் காபித் தட்டோடு நிலைப்படியைத் தாண்டினேன். தலையைக் குனிந்திருந்தேன், அம்மா சொல்லிக்கொடுத்தபடி.

"ஹாய் ஹாய் ஹாய்! நான் உங்க குஷி! இப்போ நான் நிக்கிறது மெயின் அருவிக்கு நேர் எதிர்ல!"

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. பகவதியம்மாள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் ஸ்பீக்கரைப் பார்த்தாள். அது 'பிர்ர்ர்ர்' என்று நடுங்கியது.

"ஏட்டி," என்றாள் மெதுவாக, "நீ இங்கன நிக்க. அங்கன நின்னு வெறைக்கது யாரு?"

அப்பா பெட்டியை அணைக்கப் போய், பதற்றத்தில் சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டார். பறவை வீடதிரக் கத்தியது. "அது... இப்பல்லாம் டெக்னாலஜி அப்படி" என்று முனகினார். பையன் குனிந்து தன் செருப்பில்லாத காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆறுமுகம் உள்ளே வந்தார். குளித்த ஈரம் இல்லை, மழை.

"யக்கா, மெயினருவில வெள்ளம்! ஆர்ச்சத் தாண்டிக் கொட்டுது. காலையில இருந்தே போலீஸ் ஒருத்தனையும் விடல. அந்தக் கூட்டத்துல வேனைத் திருப்ப முடியாம நனைஞ்சு நாறிப்போய் வாரோம். டிரைவர் ரேடியோவ போட்டா, மத்தியானத்துல இருந்தே சாயங்கால நிகழ்ச்சிக்கு வெளம்பரம் ஓடுது, அதுல ஒருத்தி, அருவி சாதுவா விழுதாம், நேர் எதுத்தாப்ல நிக்காளாம்! நாங்க அங்கனதான் நிக்கோம், அருவிக்கு எதுத்தாப்ல ஒரு ஈ காக்கா இல்ல! அவ மட்டும் என் கையில கெடைச்சா..."

அறையில் இருந்த எல்லாருடைய கண்ணும் என் பக்கம் திரும்பியது. ஸ்பீக்கர், "குடும்பத்தோட கிளம்பி வாங்க, நான் இங்கதான் இருக்கேன்!" என்றது.

அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. "காப்பி எடுத்துக்கிடுங்க" என்று தட்டை நீட்டினேன்.

சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். எனக்கு வரவில்லை. அடுக்களைக்கு ஓடி என் போனை எடுத்துப் பார்த்தால் காலையிலிருந்து எசக்கியம்மாக்காவின் அழைப்பு வரிசையாக இருந்தது. பட்டுப்புடவை கட்டிய மும்முரத்தில் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். திரும்பக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, நீ எந்த அருவியில நிக்க?" என்றாள் எடுத்ததுமே. பின்னால் நிஜமான இரைச்சல். "இங்கன ஆளு நிக்க முடியல. உன் பேச்சைக் கேட்டு இன்னும் வண்டி வண்டியா வாரானுவ. போலீஸ்காரன் சொன்னா, ரேடியோல சொல்லுதாவளேன்னு சண்டைக்கு நிக்கானுவ. பிள்ளைகளைக் கூட்டிட்டு வாராவட்டி. வேண்டாம்னு சொல்லு."

நிதினைக் கூப்பிட்டேன். "சண்டே மேடம், சிஸ்டம் லாக் ஆயிருக்கும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நாளைக்கு அந்தப் பிள்ளைகளை என்ன பார்ப்பது? புடவை, பூ எல்லாவற்றோடும் அடுக்களையில் நின்றபடியே போனில் பேசிப் பதிந்தேன். "நான் கொழலு பேசுதேன். ரேடியோல இப்ப வந்தது வெள்ளிக்கிழமை பேசுனது. நெசம் இல்ல. மெயினருவில ஆர்ச்சத் தாண்டி விழுது. யாரும் போகாதிய. போனவிய பிள்ளைகளைக் கூட்டிட்டுத் திரும்பிருங்க." தெரிந்த எண்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். திரும்பினால் பின்னால் ஆறுமுகம் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கும் அனுப்பு. எங்க குடும்பக் குரூப்ல ஊரே இருக்கு" என்றார்.

முன்னறையில் பெண் பார்க்க வந்த எல்லோரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு எனக்காக மெசேஜ் அனுப்பினார்கள். பஜ்ஜி ஆறிப்போனது. கொஞ்ச நேரம் கழித்து எசக்கியம்மாக்கா கூப்பிட்டாள். "திரும்பிப் போறாவட்டி. 'கொழலே சொல்லிட்டா'ங்காவ. எங்கட்டி போயிருந்த இத்தனை நாளா?" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் கம்பெனி என்னைத் திரையில் கூப்பிட்டு, நிகழ்ச்சியை நானே பொய் என்று சொன்னது பெரிய தவறு என்றது. நான் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அங்கே உள்ளூர்க்காரர் யாரையும் வைக்கவில்லை. இப்போது எல்லாமே சென்னையிலிருந்துதான். அழகாகத்தான் பேசுகிறார்கள், ஒரு தடங்கல் கிடையாது. ஆனால் சாரல் அடிக்கிற சாயங்காலங்களில் ரேடியோவைத் திருப்பும்போது, ஆட்டைக் காணோம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது. அந்த இரண்டு அறையும், ஜன்னல் வழியாக உள்ளே வந்த மேளச்சத்தமும், அருவிப் பக்கம் நீட்டிய போனும் என் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கல்யாணம் என்னாயிற்று என்று சொல்லவில்லையே. அன்றைக்குக் கிளம்பும்போது பகவதியம்மாள் என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "புள்ள நல்ல புள்ளதான். ஆனா ஒண்ணு, எங்க வீட்டுல வந்து, சோறு வடிச்சிட்டேன்னு சொன்னா அது லைவா இருக்கணும்" என்றாள். அதுதான் சம்மதம். நான் இன்றைக்கும் தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு, "வந்துக்கிட்டே இருக்கேன் அத்தை" என்றால், "லைவா, ரெக்கார்டா?" என்பதுதான் என் மாமியாருடைய முதல் கேள்வி.

அதைவிட ஆறுமுகம் சித்தப்பா மோசம். (என் வீட்டுக்காரருக்கு மாமா, எனக்குச் சித்தப்பா முறை.) எங்கள் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரர் அவருக்குப் போன் போட்டு, "மாமா, பொம்பளைப் பிள்ளை! அழுகுத சத்தம் கேக்கா?" என்று சந்தோஷத்தில் போனைப் பிள்ளையின் வாய்ப்பக்கம் நீட்டிப் பிடித்தார். மகள் அறையே அதிரும்படி கத்தினாள். ஸ்பீக்கரில் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"நல்லா கேக்கு மாப்ளே. எதுக்கும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துச் சொல்லு. பக்கத்துல ஏதாவது பறவை கத்துதா?"