சீமாட்டியின் சாணி பற்றி மாப்பிள்ளைக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் எங்கள் பசு சீமாட்டிக்கு நோய் என்று உங்கள் ஆய்வுக்கூடமே எழுதிக் கொடுத்துவிட்டதால், அவள் நீங்கலாக மற்றவர்கள் நலம்.

மாட்டின் குடலில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும் கிருமியைப் பழைய சோதனை பாதி மாடுகளில் கோட்டை விடுகிறது, அதை மேம்படுத்துகிறோம், ஒப்பிட்டுப் பார்க்க நோயே இல்லாத மாட்டின் சாணி வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கையுறை மாட்டி, கரண்டியைக் கொதிநீரில் கழுவி, டப்பாவில் எடுத்து, பெயர் ஒட்டி அனுப்பினேன். நோய் உண்டு, பரவாமலிருக்க மாட்டை அழிக்க வேண்டும் என்று அறிக்கை வந்தது. மாதிரி மிக நேர்த்தியாக எடுக்கப்பட்டுள்ளது என்று அடியில் ஒரு பாராட்டு வேறு. சோதனையில் ஏதேனும் பிழை இருக்குமோ என்று போனில் இழுத்தேன். உங்கள் அதிகாரி, "சோதனை சரியாத்தான் சார் இருக்கு. மாடுதான் சரியில்லை" என்றார். அவ்வளவு உறுதியாகப் பேசுகிறவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிடுவது வழக்கம், கேட்டேன். அதற்குள் சேதி அடுத்த வீட்டு வக்கீலுக்கு எட்டிவிட்டது. அவரும் ஒரு மாடு வைத்திருக்கிறார். வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என் மாட்டுக்கு ஒட்டிச்சுன்னா உங்களைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்" என்றார். தலையாட்டினேன். உங்கள் அத்தை விடுவாளா? "கட்டுக் கட்டாத் தின்னுது, குடம் குடமாக் கறக்குது, இதுக்கா நோய்? மருமகன் தப்புப் பண்ணினா என் மாட்டைக் கொல்லுவாங்களா?" என்று கொட்டிலிலேயே பாயை விரித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மாட்டை ஏற்றிப்போக லாரி வருகிறது. எனக்கு விஞ்ஞானம் போதாது. ஆனாலும் அதற்குள் உங்கள் சோதனையை இன்னும் சிறிது மேம்படுத்தக்கூடாதா?

பெண்ணுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். உங்களைத் தொந்தரவு செய்ததற்கு வருந்தும்,
மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "அன்னிக்கு விடியறதுக்குள்ள நான் கொட்டிலைக் கழுவிட்டேனே, நீங்க எங்கேருந்து எடுத்தீங்க?" என்றாள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் என்றேன். சீமாட்டி உதைப்பாள், பின்னால் போக எனக்குப் பயம். "ஐயோ, அது வக்கீல் மாட்டுச் சாணி! தினம் வந்து நம்ம செடியை மேஞ்சிட்டுப் போட்டுட்டுப் போகுது!" என்றாள். உங்கள் சோதனை பிரமாதம், மாப்பிள்ளை. மேலே எழுதியது அனைத்தையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும், லாரியையும் நிறுத்தவும். ஆனால் வக்கீலிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சோதனையைச் சற்றுப் பழையபடியே ஆக்கிவிட இயலுமா?