நெஞ்சு உயரம்

மரத்தை நேசித்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். விதிப்படி நேசித்தவர் மரப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர்தான். வாயைத் திறந்தால் ஏதாவது ஓர் உட்பிரிவைச் சொல்வதால் ஆபீஸில் அவருக்கு 'உட்பிரிவு' என்றே பெயர். அவர் கையெழுத்தில்லாமல் ஊரில் ஓர் இலைகூட 'முறைப்படி' உதிர்ந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. மரப் பாதுகாப்புத் துறைக்கே புதுக் கட்டடம் எழும்பப் போகிறது. அதில் அவருக்குத் தனி அறை, ஏசி, சுழல் நாற்காலி எல்லாம் வரைபடத்தில் ஏறிவிட்டன. நாற்காலி வரவேண்டிய இடத்தில், கொஞ்சமும் வெட்கமில்லாமல், ஒரு பெரிய மரம் நின்றுகொண்டிருந்தது. மரத்தடியில் தையல் மிஷினோடு அவருடைய அக்கா. பின்னால் அவள் குடியிருந்த தகரக் கூரை அறைக்குள் பகலில் மனுஷி உட்கார முடியாது. நிழல் போனால் பிழைப்பும் போச்சு. அந்த நிழலில் தைத்துத் தைத்தே தம்பியைப் படிக்க வைத்தவள். அன்று அவர் போட்டிருந்த சட்டையும் அவள் தைத்ததுதான்.

"நல்லவேளை, நீ வந்தேடா தம்பி. வேற எவனாவது வந்திருந்தா என் கதி என்னாகிறது!" என்றாள்.

"கவலையே படாதேக்கா. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?"

அரசாங்க அளவுநாடா பீரோவில் 'பத்திரமாக' இருந்ததால், உட்பிரிவு அக்காவின் டேப்பையே வாங்கிக்கொண்டார்.

விதியில் குழப்பமே கிடையாது. நெஞ்சு உயரத்தில் மூன்றடிக்கு மேல் சுற்றளவு இருந்தால் அது மரம், தொடக் கூடாது. குறைந்தால் செடி, கேட்பாரில்லை. அவர் டேப்பை மரத்தில் சுற்றிப் பார்த்தார். டேப்பே போதவில்லை. அக்கா முகம் மலர்ந்தது. உட்பிரிவின் முகம் தொங்கிப்போனது.

கட்டட ஒப்பந்தக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், ஒரு சின்ன சந்தேகம். நெஞ்சு உயரம்னா, யாரோட நெஞ்சு?"

அட! விதியில் அதைப் போடவே இல்லை! வெயில் கொளுத்தியதால் அந்த மரத்து நிழலிலேயே 'அவசர ஆலோசனைக் கூட்டம்' கூடியது.

"என் நெஞ்சு வேணாம் சார், நான் குள்ளம்," என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார் ஒப்பந்தக்காரர். "நம்ம கிரேன் டிரைவர் நல்ல உசரம்."

உட்பிரிவு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அந்த உசரமும் பத்தாதே!"

"அவரை கிரேன்ல ஏத்திட்டா? ஆள் மேல போனா நெஞ்சும் கூடத்தானே போகும்! தரையில நின்னுதான் அளக்கணும்னு எங்கயாவது போட்டிருக்கா?"

உட்பிரிவு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு விதிப் புத்தகத்தில் தேடினார். எங்கேயும் போடவில்லை.

டிரைவர் டேப்போடு உச்சிக்குப் போனார். கைக்கு எட்டிய கொம்பை அளந்துவிட்டு, "அரையடிகூட இல்ல சார்!" என்று கத்தினார்.

"இது உயரமான செடி," என்று தழுதழுத்த குரலில் தீர்ப்பளித்தார் உட்பிரிவு. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, ஆபீஸ் டயத்துல உறவு கொண்டாடக் கூடாது," என்று நேர்மையாகக் கையை விடுவித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் 'செடி'யை அறுத்து, லாரி லாரியாக ஏற்றி அனுப்பினார்கள்.

பொட்டல் வெயிலில் மிஷின் மட்டும் நின்றது. உட்பிரிவு டேப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

"எனக்கு மட்டும் வருத்தமில்லையாக்கா? என்ன பண்றது, எல்லாம் நெஞ்சு உயரத்துல அளந்ததுதான்."

அக்கா டேப்பை வாங்கி, சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி அவர் மார்பைச் சுற்றிப் பிடித்தாள். அவர் மரம் மாதிரி நின்றார். பாதுகாக்க அங்கே வேறு மரமும் இல்லை.

"இத்தனை வருஷமா நெஞ்சு முப்பத்தெட்டுன்னு வெட்டிட்டிருந்தேன்," என்று டேப்பைச் சுருட்டினாள். "அங்க வெறும் சட்டைதாண்டா இருக்கு."