டில்லி–பெங்களூர் ஆகாய தூரப் போர்

வாழ்க அனந்தபத்மநாபனார்! மைசூர் சமஸ்தானத்து சர்வே இலாகாவில் சங்கிலி பிடித்து நிலமெல்லாம் அளந்து, ஓய்வு பெற்றபின் வானையும் அளக்கத் துணிந்த வித்தகர். மூக்குக்கண்ணாடிக் கேடயமும் மரஸ்கேல் வாளும் தாங்கிய பெங்களூர் அல்சூர்க் காவலர், வாழ்க!

அப்பெருமகனாரின் ஒரே புதல்வி ஜெயலக்ஷ்மி, கல்யாணமாகி டில்லிக்குப் போய் மூன்றாண்டு கழித்து, அன்றுதான் முதன்முறையாகப் பிறந்தகம் வருகிறாள், அதுவும் விமானமேறி. அவள் படியிறங்குகையில் தம் முகமே அவள் கண்ணில் முதலில் பட வேண்டுமென்று, பொழுது புலருமுன்பே கோட்டும் தலைப்பாகையுமாய்க் கோலம் பூண்டு கூடத்தில் வீற்றிருந்தார் அவர்.

“காலை ஆறுக்கு டில்லியை நீங்கும் விமானம், நண்பகல் பன்னிரண்டுக்குப் பெங்களூர் மண்ணைத் தீண்டும்!” என்று அவர் பிரகடனம் செய்த அக்கணமே, காபி தம்ளரேந்திய கையினனாய் எழுந்தான் பகைவன். மனைவி கோமளத்தின் தம்பி, ரயில்வே குமாஸ்தா சீனிவாசராகவன்.

“ஆயிரத்தைந்நூறு மைல், அத்திம்பேர்! நாலு மணிக்கு முன்னால வர சான்ஸே இல்லை.”

“அது உன் ரயில் சுத்திண்டு வர தூரம்டா! ஆகாசத்துல ஏது ஜங்ஷன்?”

மூண்டது போர். சுவரில் தொங்கிய பாரத தேசப்படம் தரையில் விரிந்து போர்க்களமாக, இடக்கை டில்லியில் ஊன்ற, வலமுழங்கால் வங்கக் கடலில் அழுந்த, தலைப்பாகை இமயத்தில் உருள, மதங்கொண்ட களிறெனக் குனிந்து தையல் நூலால் தேசத்தைக் கட்டி இழுத்தார் அனந்தபத்மநாபனார். மைத்துனனோ, நாக்பூரில் இறங்கும், ஐதராபாத்தில் எண்ணெய் போடும், எதிர்க்காற்று தள்ளும் என்று கணைமேல் கணை தொடுத்தான்.

“ஏன்னா, யார் ஜெயிச்சா என்ன? கிளம்புங்கோ. ஏரோட்ரோம் என்ன அமெரிக்காவிலயா இருக்கு?” என்றாள் கோமளம், கரண்டியும் கையுமாக.

தோற்காத பகைவனை முதுகுப்புறம் விட்டு அகல்வது வீரருக்கு அழகன்று. ஆதலால் அவர் அகலவில்லை. மீண்டும் அளந்தார், வகுத்தார், காற்றைக் கழித்தார், எண்ணெயைக் கூட்டினார். ஈற்றில், அம்பறாத்தூணி ஒழிந்த சீனிவாசராகவன் ஈசிசேரில் சாய்ந்தான்.

“சரி அத்திம்பேர், ஆயிரத்து நூறு மைல்தான். பன்னெண்டுக்கே இறங்கிடும். ஒத்துக்கறேன்.”

வென்றார்! வெற்றிமுரசு அதிர்வதுபோல் கூடத்துக் கடிகாரம் ஒருமுறை ஒலித்தது. மணி ஒன்று.

வென்றவர் தோற்றவனைப் பார்த்தார். தோற்றவன் கூரையைப் பார்த்தான். வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

“உங்களைத் தேடிண்டே நின்னேம்ப்பா,” என்று இறங்கினாள் ஜெயலக்ஷ்மி. கண் சிவந்திருந்தது. “உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பயந்தே போயிட்டேன்.”

வடபுலம் தென்புலம் இரண்டையும் நூலிழையில் கோத்து, வாயுவுக்கே வகுத்தல் கற்பித்த அவ்வாகாய வேந்தர், தலைப்பாகையை இமயத்திலேயே விட்டு, வாசற்படி கடந்து டாக்ஸியருகே சென்றார்.

பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.