சம்பந்தி ஏறும் படகு

தரகர் அய்யாசாமி வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேனாம்பேட்டின் அந்தத் தெருவில் நீந்தாத குறையாக வந்து சேர்ந்தார்.

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வராங்க சாரே" என்றார், வந்ததும் வராததுமாக.

சண்முகசுந்தரம் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தார். தெரு என்று சொல்வது பழக்கதோஷம்.

"இந்தத் தண்ணியிலயா? மழைக்காலம் போகட்டும்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பேனா? புள்ளையோட அம்மா தாயம்மாள்னு பேரு. ஒத்தக் கால்ல நிக்குது. வந்தா இந்த வெள்ளி, இல்லாட்டி வாணாம்னு சொல்லிடுச்சு. வெள்ளானூர்ல சொந்த ஊடு, புள்ளைக்கு கவர்மென்ட் உத்தியோகம். உட்டா வேற எவனாச்சும் தூக்கினு பூடுவான்."

சண்முகசுந்தரம் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எந்த உதிரிபாகத்தையும் முதல் தடவையில் பாஸ் செய்ததில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. மனை வாங்கும்போது மட்டும் அந்தக் கண் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. காற்றோட்டமான இடம் என்று சொல்லி விற்றார்கள். காற்றைப் பற்றி அவர்கள் பொய் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் காரை விட்டு இறங்கவில்லை. தெருமுனையில் தண்ணீரைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே மகள் வனஜா பட்டுப்புடவையோடு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவைதான்பா நான் அலங்காரம் பண்ணிப்பேன். அதுவும் தட்டிப்போச்சுன்னா என்னை விட்டுடுங்க" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த ஒரு தடவைதான் இந்த வெள்ளிக்கிழமை.

"அவங்க கால் நனையாம வீட்டுக்குள்ள வந்தாகணும்" என்றார்.

"அதுக்கு ஏன் கவலப்படறே? பூந்தமல்லி ரோட்ல நம்ம பஷீருதீன் பாய் ஏலத்துல ரெண்டு மோட்டார் படகு எடுத்துகினு வந்து, வாங்க ஆளில்லாம முழிச்சினு கீறாரு."

பாயின் பழைய இரும்புக் கடைப் பின்கட்டில் இரண்டு அலுமினியப் படகுகள் கிடந்தன. ஒன்று தட்டை அடி. அகலமாக, அசமந்தமாக, பின்னால் சின்ன மோட்டாரோடு இருந்தது. இன்னொன்று கூர் அடி. நீல பெயின்ட், நீண்ட மூக்கு, பெரிய மோட்டார்.

"எது நல்ல போட்டு பாய்?"

"ரெண்டும் நல்ல போட்டுதான் சாரே. எதை நீ வாங்குறியோ அது இன்னும் நல்ல போட்டு."

சண்முகசுந்தரம் சின்ன சுத்தியலை எடுத்து ரிவெட் ரிவெட்டாகத் தட்டினார். மோட்டாரின் காத்தாடியைச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். தகட்டின் கனத்தை அளந்தார். இரண்டிலும் குறை கண்டுபிடித்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. தட்டை அடியில் குறை கொஞ்சம் கம்மி என்று தீர்ப்புச் சொன்னார்.

கூட வந்திருந்த மனைவி ஜெகதாம்பாள் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. "சம்பந்தியம்மா ஏறி வரப்போறாங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி மாதிரி இருக்கு, இதுலயா ஏத்துவீங்க? அந்த நீலம் எவ்வளவு லட்சணமா இருக்கு."

"லட்சணத்தை வெச்சுக்கிட்டு மிதக்க முடியாது ஜெகதா."

"நீங்க பாத்துப் பாத்து வாங்கின மனை நல்லாத்தான் மிதக்குது."

கடைசியில், இருவருக்கும் பொதுவாக, அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் தட்டை, சிவப்புப் பூ வந்தால் கூர். பூசாரி முழங்கால் தண்ணீரில் நின்றபடி இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி. அம்மனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கச் சண்முகசுந்தரத்துக்கு நாக்கு வரைக்கும் வந்தது. வெள்ளிக்கிழமையை நினைத்து விழுங்கிவிட்டார்.

நீலப் படகை ஜாம்ஜாமென்று லாரியில் கொண்டு வந்து தெருமுனைத் தண்ணீரில் இறக்கினார்கள். புது வண்டிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுதான் முறை. இதற்குச் சக்கரம் இல்லாததால், காத்தாடித் தகடு ஒன்றுக்கு ஒரு பழமாக ஜெகதாம்பாளே செருகினாள். படகின் மூக்கில் தேங்காய் உடைத்ததில் தேங்காய் அப்படியே இருந்தது, மூக்கு ஒடுங்கியது. பிறகு அவள் பூஜைத் தட்டோடு ஏறி உட்கார்ந்தாள். பாய் கயிற்றை இழுத்து மோட்டாரைக் கிளப்பினார். எலுமிச்சம்பழம் ஒன்று பறந்து போய் அய்யாசாமியின் நெற்றியில் பட்டது.

படகு நகரவில்லை. கூர் அடி போய்த் தார் ரோட்டில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்த படகு யோசித்துப் பார்த்துவிட்டு ஒருபக்கமாகச் சாய்ந்தது. தட்டு முதலிலும், கற்பூரம் அடுத்தும், ஜெகதாம்பாள் கடைசியிலுமாகத் தண்ணீருக்குள் போனார்கள்.

"என்ன பாய் இது?"

"போட்டு மேல தப்பில்ல சாரே. உங்க வெள்ளந்தான் பத்தல. இது ஆழத்துல ஓடுற போட்டு."

வேறு யாராவது என்றால் படகைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். சண்முகசுந்தரம் பரிசோதகர் அல்லவா, குறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சரிசெய்வார். குறை வெள்ளத்தில் இருந்தது. தெருக்கோடியில் தண்ணீர் வடியும் சிறுபாலத்தின் வாயை மணல் மூட்டைகளால் அடைத்தார். ஜெகதாம்பாள் அம்மன் வாக்குப் பொய்க்காது என்று பக்கத்தில் நின்று மூட்டை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வெள்ளம் பத்துகிற அளவுக்கு ஏறியிருந்தது. நீலப் படகு அழகாக ஆடிக்கொண்டு மிதந்தது. கூடவே தெருவிலுள்ள எல்லார் வீட்டு அடுப்படியும் மிதந்தது. பக்கத்து வீட்டு எல்லம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னா சார், எங்க ஊட்டு அடுப்புல மீனு நீந்தினு கீது. பொண்ணு பாக்க வராங்களா, இல்ல நீ தெப்பத் திருவிழா நடத்தறியா?"

"ஒரு நாள் பொறுத்துக்கம்மா. வனஜா விஷயம்."

"வனஜாவுக்காவ உசுரக் கேளு, தரேன். அரிசி மூட்டையக் கேக்காத."

தெருவே திரண்டு போய் மணல் மூட்டைகளைப் பிடுங்கி எறிந்தது. தண்ணீர் இறங்கியது. நீலப் படகு மறுபடி ரோட்டில் உட்கார்ந்தது. சண்முகசுந்தரத்தின் கூடத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நினைவாகத் தங்கிவிட்டது.

வியாழக்கிழமை அவர் பாயிடம் போய்ப் படகை மாற்றித் தரச் சொன்னார்.

"நான் அப்பவே சொல்லல, தட்டதான் உனக்குச் சரின்னு?" என்றார் பஷீருதீன்.

"சொல்லல பாய்."

"மனசுல நெனச்சேன் சாரே."

வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் தெருமுனையில் டாக்சி வந்து நின்றது. தாயம்மாள், அவள் புருஷன், மாப்பிள்ளைப் பையன் மூவரும் இறங்கினார்கள். தாயம்மாள் தண்ணீரைப் பார்த்தாள், தட்டைப் படகைப் பார்த்தாள், ஏறி உட்கார்ந்தாள். பாய் பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டார். பட்டு வேட்டியில் சண்முகசுந்தரம் முன்னால் உட்கார்ந்தார். பயத்தில் அவருக்குப் பேச்சு நிற்கவில்லை.

"ரெண்டு போட் பாத்தோம்மா. சும்மா எடுத்துடல. இன்னொண்ணு கூர் அடி. அது ஆள் முழுகுற ஆழம் இருந்தாத்தான் ஓடும். நம்ம தெருவுக்கு இதுதான் பொருத்தம்."

"ஓகோ" என்றாள் தாயம்மாள். முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

படகு நன்றாகத்தான் போயிற்று. வேகத்தடை வரும்வரை. லாரிகளை அடக்குவதற்காக மனு மேல் மனு எழுதி சண்முகசுந்தரமே போடவைத்த வேகத்தடை அது. தண்ணீருக்கடியில் அது தன் கடமையைச் செய்தது. கடகடவென்று ஒரு சத்தம், காத்தாடி ஒடிந்தது, மோட்டார் அடங்கியது. படகு தண்ணீரின் இழுப்பில் தன்பாட்டுக்கு நகர்ந்து, வீட்டைத் தாண்டிப் போக ஆரம்பித்தது.

"என்னங்க, நம்ம வீடு இங்க இருக்கு" என்று வாசலில் நின்று ஜெகதாம்பாள் ஞாபகப்படுத்தினாள்.

சண்முகசுந்தரம் எழுந்தார். படகு ஆடியது. உட்கார்ந்தார். போச்சு, இதுவும் போச்சு என்று அவருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது வனஜா வெளியே வந்தாள். பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். படகின் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்து ஜன்னல் கம்பியில் கட்டினாள்.

"இடது பக்கம் குழி இருக்கு, அங்க கால் வைக்காதீங்க. என் கையைப் பிடிச்சுட்டு இறங்குங்க" என்றாள் தாயம்மாளிடம்.

ஜெகதாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்கள் தலை குனிந்த பெண்ணைப் பார்ப்பதுதான் வழக்கம். இவர்கள் முழங்கால் வரைக்கும் பார்த்துவிட்டார்கள்.

கூடத்தில் பெஞ்சுகளைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் வந்தன. தாயம்மாள் சுவரில் இருந்த தண்ணீர்க் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வருஷா வருஷம் இப்டித்தானா?"

"சேச்சே, இந்த வருஷம்தான், ஏதோ எதிர்பாராம" என்று சண்முகசுந்தரம் ஆரம்பித்தார்.

"வருஷா வருஷம் இப்படித்தாங்க" என்றாள் வனஜா. "எனக்குப் பழகிடுச்சு."

சண்முகசுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். தாயம்மாள் தன் புருஷன் காதில் ஏதோ குசுகுசுத்தாள். அவர் தலையாட்டினார். பையனும் ஆட்டினான்.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு" என்றாள் தாயம்மாள்.

சண்முகசுந்தரம் கண்ணைத் திறந்தார். வனஜாவைப் பார்த்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு எதையாவது தூக்கிக் கொடுத்தால் தேவலை போலிருந்தது.

"சம்பந்தி, மாப்பிள்ளைக்கு நல்ல ஸ்கூட்டரா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன்" என்றார்.

தாயம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்க தெருவுல ஸ்கூட்டர் எங்க ஓடும் சம்பந்தி, ஆளு முழுவுற தண்ணி கீது, பொண்ணு குடுக்க வந்தவங்க எல்லாம் தெருமொனையோட திரும்பிட்டாங்க; நீங்க அந்தக் கூரு போட்டையே வாங்கிக் குடுத்துடுங்க."