நோன்பு நாளில் ஒரு கடைவாய்ப் பல்

“பல்லு எப்ப உடைஞ்ச ஹாஜியார்?”

பல் வைத்தியர் ஆதிலா சாதாரணமாகத்தான் கேட்டாள். நாற்காலியில் மல்லாந்து கிடந்த ஜவுபர் ஹாஜியாருக்கு அது பொலிஸ் விசாரணை போலப் பட்டது. வாய்க்குள் சின்னக் கண்ணாடியும் ஒரு கூர்க்கம்பியும் இருந்ததால் யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது.

“ஸஹருக்குச் சாப்பிடக்கொள்ள” என்றார், கம்பி வெளியே வந்ததும்.

பச்சைப் பொய். ஸஹர் என்பது விடியுமுன் சாப்பிடுவது, பல் உடைந்தோ இன்னும் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

சாய்ந்தமருதில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜவுபர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் தலைவர். நோன்பு தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, “தேத்தண்ணிக் கடைக்குத் திரை போட்டாப் போதாது, திரைக்குப் பின்னால இருக்கிறவனையும் அல்லாஹ் காணுறான்” என்று ஒலிபெருக்கியில் முழங்கியவர். ஐந்தாம் நோன்பன்று அவரே வீட்டுக் கிணற்றடியில் மயங்கி விழுந்தார். சீனி வருத்தம் என்ற நீரிழிவுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியர், இனி நோன்பு பிடிக்கவே கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார்.

மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது. நோயாளிக்கு விலக்கு உண்டு, விட்ட நோன்புக்குப் பதிலாக ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம். இதை ஜவுபரே எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். தனக்கென்று வந்தபோதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏழைக்குரிய சாப்பாட்டை ஒரு நாளும் தவறாமல் கொடுத்தார், தன் சாப்பாட்டை மட்டும் பின்னறையில் ஒளித்துச் சாப்பிட்டார். மனைவி சரீபாவைத் தவிர ஊரில் ஒரு குருவிக்கும் தெரியாது.

அன்று பகலும் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் வாய் உள்ளே போனதும் வாசலில் யாரோ “ஹாஜியார்” என்று கூப்பிட்டார்கள். பதறியடித்து வாயை மூடினார். உள்ளே ஆட்டெலும்பு இருந்தது. கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஒரு பக்கச் சுவர் அப்படியே கழன்று வந்தது.

மிஞ்சிய விளிம்பு பிளேட் போல நாக்கை அறுத்தது. அன்று மாலை பள்ளியில் எல்லோரும் கூடி நோன்பு திறக்கும் பெரிய இப்தார். அக்கரைப்பற்றில் இருந்தும் நிந்தவூரில் இருந்தும் விருந்தாளிகள் வருகிறார்கள். வரவேற்புரை ஜவுபருடையது. “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்ததற்கே நாக்கில் இரத்தம் வந்தது. சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கல்முனையில் ஆதிலா புதிதாகத் திறந்திருந்த பல் சிகிச்சை நிலையத்துக்கு முச்சக்கரவண்டியில் ஓடி வந்தார்.

“பல்லுக்கு இடையில இறைச்சித் துண்டு ஒண்டு இருக்கு” என்றாள் ஆதிலா, மறுபடி உள்ளே பார்த்து. “இன்னும் காயவே இல்ல.”

“சரீபாட கறி அப்பிடித்தான் மகள். லேசில காயாது.”

ஆதிலா கம்பியால் துண்டை எடுத்துப் பஞ்சில் வைத்து மடித்தாள்.

“பழைய சூத்தை ஒண்டு உள்ளுக்குள்ளயே திண்டுக்கிட்டு வந்திருக்கு. அதான் சுவர் நிக்கல்ல. சூத்தையக் குடைஞ்சி எடுத்துப்போட்டு அடைக்கலாம். ஆனா குடையிற மெஷின்ல தண்ணி அடிக்கும். தண்ணி இல்லாட்டி சூட்டுல பல்லு செத்துப்போகும்.”

“மெஷின் இப்ப சோக்கா வேலை செய்யுது டொக்டர்” என்று பின்னறையில் இருந்து ஒரு குரல் வந்தது. பாண்டிருப்பில் இருந்து கம்ப்ரஸர் திருத்த வந்திருந்த குணத்தின் குரல். “தண்ணி பீச்சிக்கிட்டு வருது. அடிச்சுப் பாருங்க.”

“அதான் குணம் அண்ணன் பிரச்சினை” என்றாள் ஆதிலா. “ஹாஜியார் நோன்பு. ஒரு சொட்டு தொண்டைக்குள்ள இறங்கினாலும் பாவம். நோன்பு திறந்த பிறகு வாங்களன் ஹாஜியார்.”

இதுதான் ஜவுபருக்குக் கிடைத்த முதல் வாசல். ‘எனக்கு நோன்பில்லை மகள்’ என்று மூன்று சொல் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் உதவியாளர் மர்ஷூதா குறுக்கே வந்தாள். “ஹாஜியார்ட நோன்புக்கு ஒண்டும் ஆகக்கூடாது டொக்டர். அவர்ட பேச்சைக் கேட்டுத்தான் எங்கட வாப்பா முப்பது வருசத்துச் சிகரட்ட விட்டவரு.”

ஜவுபர் வாயை மூடிக்கொண்டார். ஒரு மனிதனின் முப்பது வருடத்துச் சிகரட் அந்த வாசலில் வந்து குந்திக்கொண்ட பிறகு எப்படி வெளியேறுவது?

“பின்னேரம் நான் பேசணும் மகள். வேற வழி இல்லியா?”

ஆதிலா யோசித்தாள். “இருக்கு. மெஷின் இல்லாம கையாலயே சுரண்டி எடுக்கலாம். தண்ணி தேவையில்ல. நேரம் எடுக்கும். விறைக்கிற ஊசி போட்டுட்டுச் செய்வம். அதுல நோன்பு முறியாதெண்டுதான் மார்க்கம் படிச்ச ஆலிம்மார் சொல்றாங்க.”

நாக்கை அடக்கியிருக்கலாம். ஆனால் மர்ஷூதா பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஜவுபரின் வாய் தானாகப் பேசியது.

“சந்தேகமானது எதுக்கு? ஊசி வேணாம்.”

“மாஷா அல்லாஹ்” என்றாள் மர்ஷூதா.

ஆதிலா தட்டில் இருந்து ஒரு கம்பியை எடுத்தாள். அதன் நுனி எறும்புக்குச் சோறூட்டும் கரண்டி அளவில் இருந்தது. முதலில் ஓரத்தைச் சுற்றிச் சுரண்டினாள். ஊறிய தோல் போல மண்ணிறத்தில் சூத்தை உரிந்து வந்தது. அதுவரை பரவாயில்லை. அடிப்பக்கம் போனபோதுதான் ஜவுபருக்குக் கால் பெருவிரல் நிமிர்ந்தது.

“நோகுதா?”

“இ...ல்...ல.”

“ஓரம் முழுக்கச் சுத்தமாகணும். இல்லாட்டி அடைச்சதுக்குக் கீழால திரும்பவும் தின்னும். அடியில கொஞ்சத்த விட்டுருவன், நரம்பு கிட்ட இரிக்கி.”

நரம்பு கிட்ட இருப்பதை அவள் சொல்லித்தான் அவர் அறிய வேண்டும் என்றில்லை. இருபது நிமிடம் சுரண்டினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜவுபர் எழுந்து துப்பினார். உமிழ்நீரோடு எதுவும் உள்ளே போய்விடக் கூடாதல்லவா? நோன்பாளி நடிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை.

குழி சுத்தமானதும், உடைந்த சுவர் இருந்த பக்கம் மெல்லிய தகட்டுப் பட்டி ஒன்றைப் பல்லைச் சுற்றிக் கட்டி, இடுக்கில் குட்டி மர ஆப்பு ஒன்றைச் செருகினாள். கொங்கிறீட் போடுவதற்குப் பலகை அடிக்கிற வேலைதான். இரும்புக்கடைக்காரருக்கு அது புரிந்தது, மனதுக்குள் பாராட்டவும் செய்தார்.

“இப்பதான் முக்கியமான கட்டம்” என்றாள் ஆதிலா. “சீமெந்து வைக்கக்கொள்ள ஈரம் படவே கூடாது. ஆனா உங்களுக்குப் பயமில்ல. நோன்பு வாய், நல்லாக் காஞ்சிருக்கும்.”

மர்ஷூதா தடித்த கடதாசியில் தூளையும் திரவத்தையும் கொட்டி விறுவிறென்று குழைத்தாள். பளபளப்பு மாறுவதற்குள் வைத்தாக வேண்டும். ஆதிலா அதைத் தட்டைக் கம்பியில் அள்ளிக் குழிக்குள் வைத்த அதே நேரம், பக்கத்துப் பள்ளியில் நோன்புக் கஞ்சி அண்டாவின் மூடியை யாரோ திறந்தார்கள்.

தேங்காய்ப்பால், ரம்பை, இஞ்சி, உள்ளி, இறைச்சி. ஜன்னல் வழியே அந்த வாசம் நேராக வந்தது. காலையில் இருந்து ஒரு வாய்ச் சோறுகூட முழுதாகச் சாப்பிடாத மனிதனின் வாய் அதற்கு மேல் யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. பஞ்சுச் சுருள்கள் மிதந்தன. சீமெந்து கரைந்து மோர் போல வழிந்தது.

“சுபஹானல்லாஹ்” என்றாள் ஆதிலா. “நோன்பு வாயில இவ்வளவு தண்ணியா?”

ஜவுபர் கண்களை மூடிக்கொண்டார்.

எல்லாவற்றையும் வழித்தெடுத்து, புதுப் பஞ்சு வைத்து, ஜன்னலைச் சாத்தி, மறுபடி குழைத்து, மறுபடி வைத்தார்கள். வஸ்லின் தடவிய விரலால் ஆதிலா அழுத்திப் பிடித்தாள். இறுகியதும் பட்டியைக் கழற்றி, நீலக் கடதாசி ஒன்றைப் பல்லுக்கு இடையில் வைத்தாள்.

“கடிங்க. உயரமா இருக்கிற மாதிரி இருக்கா?”

உயரமாகத்தான் இருந்தது. சொன்னால் இன்னும் சுரண்டுவாள்.

“இல்ல மகள். அச்சாவா இரிக்கி.”

“கடதாசி பொய் சொல்லாது ஹாஜியார்” என்று நீலப் புள்ளி பட்ட இடத்தை அவள் செதுக்கினாள். ஜவுபருக்கு ஏனோ முகம் சுட்டது.

வேலை முடிந்தது. நாக்கால் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. மனம் குளிர்ந்து போயிற்று.

“ஒரு மணித்தியாலத்துக்கு ஒண்டும் சாப்பிடக் கூடாதெண்டு எல்லாருக்கும் சொல்றநாங்க” என்று சிரித்தாள் ஆதிலா. “உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல.”

ஜவுபர் எழுந்தார். நாற்காலி எழவிட்டது, தலை எழவில்லை. கை வெடவெடவென்று நடுங்கியது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை. சுவரில் இருந்த பல் படம் இரண்டாகத் தெரிந்தது.

ஆதிலா அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். “சீனி இரிக்கா உங்களுக்கு?”

“ஓம்.”

“மாத்திரை போடுறநீங்களா? கடைசியா எப்ப போட்ட?”

“பகல்...” என்று தொடங்கி, “ஸஹர்ல” என்று முடித்தார்.

“சீனி நல்லா இறங்கிருக்கு. இப்ப இனிப்பா ஏதாவது குடிக்கணும். பல்லு போனாப் போகட்டும். நோன்ப முறிங்க ஹாஜியார். உயிருக்கு ஆபத்தெண்டா முறிக்கலாம், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.”

இது இரண்டாவது வாசல், முதல் வாசலைவிட அகலமானது. கௌரவமாகக் குடிக்கலாம். ‘ஹாஜியார் கடைசி வரை தாக்குப்பிடித்தார், டொக்டர்தான் வற்புறுத்தினா’ என்று ஊர் பேசும். ஜவுபர் தலையசைத்தார்.

அப்போது ஆதிலாவின் கண்கள் நிறைந்ததைக் கண்டார்.

“என்னாலதான்” என்றாள் அவள். “நோன்பு வாயோட ஒரு மனிசன ஒண்டரை மணித்தியாலம் மல்லாத்திப் போட்டன். பின்னேரம் வாங்கண்டு திருப்பி அனுப்பியிருக்கணும். உங்கட நோன்பு என்ட கையால முறியுது.”

“நானும்தான்” என்று மர்ஷூதாவும் மூக்கை உறிஞ்சினாள். “நான் முதல்லயே நோன்பு நோன்பெண்டு கதைச்சதாலதான் அவர் ஊசியும் வேணாமெண்டாரு.”

ஜவுபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் மகள் வயதுப் பிள்ளைகள், இல்லாத ஒரு நோன்புக்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார்கள். இதற்கு மேல் மறைத்தால் அவர் வரவேற்புரை வாசிக்கவே தகுதியில்லாதவர்.

“அழாதீங்க மகள்” என்றார். “முறிக்கிறதுக்கு என்னட்ட ஒண்டுமில்ல. ஆறாம் நோன்புல இருந்து நான் நோன்பு புடிக்கல்ல. டொக்டர் வேணாமெண்டுட்டார். ஊருக்குச் சொல்ல வெக்கமாப் போச்சி. பல்லு உடைஞ்சது ஸஹர்ல இல்ல, பகல் சாப்பாட்டுல.”

ஆதிலா கண்ணைத் துடைத்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். திட்டப் போகிறாள் என்று ஜவுபர் எதிர்பார்த்தார். அவள் ஆயுதங்களை அவிக்கும் இயந்திரத்துக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்து, பிளாஸ்க் ஒன்றை வெளியே எடுத்தாள்.

“எனக்கும் இண்டைக்கு நோன்பில்ல ஹாஜியார். பொம்புளையளுக்கு அப்பிடி நாள் வரும். உங்களுக்கு முன்னால குடிச்சா நோன்பாளிக்கு மரியாதை இல்லண்டு ஒண்டரை மணித்தியாலமா நாக்கு ஒட்டிக்கிட்டு நிண்டன்.”

இருவரும் மர்ஷூதாவைப் பார்த்தார்கள். அவள் முந்தானையைச் சுருட்டினாள்.

“எனக்கு மூணு மாசம்” என்றாள் மெதுவாக. “வீட்டுல அவருக்கு மட்டுந்தான் தெரியும். சத்தியெடுக்கிறதால நோன்ப விட்டுட்டன். கஞ்சி வாசம் வரக்கொள்ள மயங்கி விழப் பாத்தன். ஹாஜியார்ட ஈமான் உறுதியைப் பாத்துத்தான் தாங்கிக்கிட்டு நிண்டன்.”

ஜவுபர்தான் முதலில் சிரித்தார். நடுக்கத்தோடு சிரித்ததில் நாற்காலியும் சேர்ந்து ஆடியது. பிறகு மூவருமே சிரித்தார்கள். ஆதிலா மூன்று கோப்பைகளில் தேத்தண்ணீர் ஊற்றி, ஜவுபரின் கோப்பையில் நாலு கரண்டி சீனி போட்டாள். “அடைச்ச பக்கத்தால குடிக்காதீங்க” என்று மட்டும் எச்சரித்தாள். முதல் மிடறு இறங்கியதுமே ஜவுபருக்கு உலகம் ஒன்றாகத் தெரிந்தது. நாக்கும் அறுக்கவில்லை, மனச்சாட்சியும் அறுக்கவில்லை. இன்று மாலை வரவேற்புரையில் நோயாளிகளுக்கான விலக்கைப் பற்றி நாலு வார்த்தை சேர்ப்பதென்றும், தன் பெயரைச் சொல்லியே சேர்ப்பதென்றும் முடிவு செய்தார். அப்படி நினைத்தபோது இரண்டு கிழமையாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிப்போனது.

பின்னறைக் கதவு திறந்தது. நெற்றியில் திருநீறும் கையில் ஸ்பெனருமாகக் குணம் நின்றார். உதடு வெடித்துக் கிடந்தது. மூன்று கோப்பைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஸ்பெனரை மெதுவாகத் தரையில் வைத்தார்.

“நோன்பாக்களுக்கு முன்னால குடிக்கப்படாதெண்டு, காலம்பற வந்ததில இருந்து பல்லில பச்சத் தண்ணி படாம நிக்கிறன்” என்றார். “அப்ப இஞ்ச நோன்பு புடிச்சிருக்கிறது நான் ஒராள் மட்டுந்தானா?”